செத்தவீட்டில் சொல்லிவிட்டுப் போனவர்கள்

இன்றைக்கு மத்தியானம் என் பாமசிக்கு ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை வந்தாள். காலில் செருப்பில்லை. வயிற்றோட்டத்துக்கு மருந்து கேட்டாள். குனிந்து பையைத் துழாவியபோது அவள் தலைமயிரிலிருந்து வேப்பிலைப் புகையும் தேங்காய் எண்ணெயும் கலந்த மணம் வந்தது. நுளம்புக்குப் புகை போட்டு அந்தப் புகைக்குள்ளேயே படுத்தெழும்புகிற ஆட்களிடம் மட்டும் வருகிற மணம். மருந்தைக் கொடுத்த கையோடு உள்ளே போய் முகத்தைக் கழுவினேன். "என்ன மாமா, கண்ணுக்குள்ள ஏதும் விழுந்திட்டுதோ?" என்று மருமகள் கேட்டாள். ஓம் என்றேன். விழுந்தது நீதான் என்று அவளுக்கு எப்படிச் சொல்ல, மச்சான்?

அரைவாசி ஆயுளை நோர்வேயில் கழித்துவிட்டு, சித்திரை வருஷப்பிறப்பு முடிந்த பிறகு வந்திறங்கினாய். வந்தவன் பாலையூற்றில் இருக்கும் உன் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. சல்லி ஊரைத் தாண்டிக் கடற்கரையில், ஓட்டோக்காரர் ஹிப்பிக் கிராமம் என்று சொல்லும் இடத்தில் ஒரு கொட்டில் எடுத்துக்கொண்டு எனக்கு டெலிபோன் அடித்தாய். "மச்சான், நான் டூரிஸ்டா வந்திருக்கிறன். வந்து பார்." வந்து பார்த்தேன். கிடுகுக் கொட்டில்கள், மரத்துக்கு மரம் கட்டிய வலைத் தொட்டில்கள், ஆண் பெண் வித்தியாசமில்லாமல் கொண்டைகள். நடுவில் பெனியனோடு நீ. உடம்பில் பாதிதான் மிச்சம் இருந்தது. ஈரலில் புற்று, அங்கே டொக்டர்மார் கைவிரித்துவிட்டார்கள் என்று, பின்னேரம் மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னாய். நான் உன் பெனியனில் இருந்த ஓட்டையைப் பற்றி ஏசினேன்.

"எழும்பு, அக்காட்டப் போவம்" என்றேன்.

"அம்மாவின்ர செத்தவீட்டுக்கு வராதவன், இப்ப என்ர செத்தவீட்டை உங்கட வீட்டில வையுங்கோ எண்டு போய்க் கேக்கிறதோ? அவ ஒரு சொல்லு கூப்பிடட்டும், வாறன்."

அம்மா சாகும்போது உன் அகதி வழக்கு முடியவில்லை. நாட்டைவிட்டு அசைய ஏலாது. அது அக்காவுக்கும் தெரியும். ஆனால் ஓட்டோச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசல் படலையைப் பார்த்துப் பார்த்துக் கிடந்த அம்மாவைப் பக்கத்தில் இருந்து பார்த்தவ அவதான். அதற்குப் பிறகு நீ எடுக்கிற டெலிபோனை அவ எடுப்பதில்லை. இரண்டு பேரும் ஒரே அச்சு. முறிந்தாலும் வளைய மாட்டீர்கள்.

உன்னைத் தனியே விட மனம் வராமல் நானும் அங்கேயே தங்கிவிட்டேன். காலையில் பாமசி, மத்தியானத்துக்குப் பிறகு ஹிப்பிக் கிராமம். "நீங்களும் கொண்டை வளக்கப்போறியளோ?" என்று என் மனைவி கேட்டாள். பிறந்த ஊரில் வெளியூர்க்காரனாக இருந்து பார்த்த சுகம் அந்தச் சில மாதங்களில்தான் எனக்குக் கிடைத்தது. மாக் குழைத்துப் பாண் போடும் ஜேர்மன்காரனுக்கு அங்கே பெயர் சிவா. உனக்குப் பெயர் நோர்வே. நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் அப்படிக் கூப்பிடும்போது எனக்குச் சிரிப்பை அடக்க ஏலாது. ஸ்பெயின்காரி ஒருத்தி மூச்சு விடுவது எப்படி என்று எனக்குப் படிப்பித்தாள். அறுபது வயது வரைக்கும் நான் பிழையாகத்தான் விட்டுக்கொண்டிருந்தேனாம். பொழுது படுகிற நேரம் எல்லோரும் மணலில் இருந்து மேளம் தட்டுவார்கள். ஒரு தாளமும் இல்லை, ஆனால் நீ தலையாட்டிக்கொண்டிருப்பாய். உன் வருத்தத்தை யாரும் விசாரிக்கவில்லை. சாய்மனைக் கதிரையை நிழலுக்கு இழுத்துப் போடுவதும், இளநீர் வெட்டித் தருவதும், போய்விடுவதும்தான். ஊரிலென்றால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லியே உன்னைக் கொன்றிருப்போம்.

நீ அவர்களுக்குத் தமிழ் படிப்பித்தாய். படிப்பித்தது ஒன்றே ஒன்றுதான். "எங்கட ஆக்கள் போறன் எண்டு சொல்ல மாட்டினம். போயிட்டு வாறன் எண்டுதான் சொல்லோணும்." அதில் நீ வலு கண்டிப்பு. குளிக்கப் போகிறவன்கூட உன் கதிரையடியில் நின்று, "போயிட்டு வாறன், நோர்வே" என்று சொல்லிவிட்டுத்தான் துவாயோடு போவான்.

அக்கா பிரஷர் குளிசை எடுக்க பாமசிக்கு வருவா. நீ வந்திருப்பதை முதல் கிழமையே சொல்லிவிட்டேன். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காசை வைத்துவிட்டு, "அவன் என்ன சாப்பிடுறவன்?" என்று கேட்டா. அடுத்த நாள் ஒரு கரியரில் சோறும் சூடை மீன் புளிக்கறியும் முருங்கையிலை வறையும் வந்தன. "கூடக் காய்ச்சிப்போட்டன் தம்பி, வீட்ட கொண்டுபோம்." உன்னிடம் கொண்டுவந்து, என் மனைவி தந்துவிட்டது என்றேன். ஒரு பிடி வாயில் வைத்தாய். வைத்த கை அப்படியே நின்றது. பிறகு விரலை நக்கிக்கொண்டு, "உன்ர மனிசிக்குச் சமையல் கைவந்திட்டுது" என்றாய். வெறுங் கரியரைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று சிவாவின் பாண் ஒன்றைத் துணியில் சுற்றி வைத்தாய். அதைத் திறந்து பார்த்த அக்கா, "உம்மட மனிசி பாண் போடவும் பழகிட்டாவோ?" என்று கேட்டா. இந்தக் கூத்தை இரண்டு பேரும் விடாமல் ஆடினீர்கள். நடுவில் கரியர் தூக்கியவன் நான்.

இரண்டு பேரும் ஒவ்வொருதரம் கிட்ட வந்ததும் எனக்குத் தெரியும். ஒருநாள் நீ சேவ் எடுத்து, நீளக் களிசான் போட்டு, என்னோடு ஓட்டோவில் ஏறினாய். பாலையூற்றில் ஒழுங்கை முகப்பில் நிற்பாட்டச் சொன்னாய். அக்கா படலையடியைக் கூட்டிக்கொண்டு நின்றா. "அம்மா மாதிரியே நிக்கிறா. ஏலாது மச்சான், திருப்பச் சொல்லு" என்றாய். சல்லி அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்த அக்காவை நான் கண்டேன். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நின்று உன் கொட்டில் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தா. நான் கிட்டப் போகுமுன் திரும்பி நடந்துவிட்டா. இன்னும் கொஞ்ச நாளில் சரிவரும் என்று நினைத்தேன். நாள் இருக்கிறது என்று நினைத்தேன்.

ஆவணியில் ஒரு காலை, கதிரையில் சாய்ந்தபடியே நீ போய்விட்டாய். அக்காவுக்கு டெலிபோன் எடுத்தேன். "இஞ்ச கொண்டு வாரும். அவன் இஞ்சயிருந்துதான் போவான்" என்றா. அவ கூப்பிட்டுவிட்டா மச்சான். கேட்க நீ இல்லை.

செத்தவீட்டில் அக்கா அழவில்லை. உன் தலைமாட்டில் இருந்து முகத்தில் மொய்க்க வந்த இலையானை விசிறியபடி இருந்தா. ஹிப்பிமார் எல்லோரும் வந்தார்கள். வெள்ளை உடுப்புப் போடச் சொல்லியிருந்தேன். எங்கிருந்தோ இரவல் வாங்கி, அளவில்லாத சட்டைகளோடு வரிசையாக வந்து கும்பிட்டார்கள். அது மட்டும் சரிதான். வெளிக்கிடும்போது, சிவா முதலில், ஸ்பெயின்காரி பின்னால், ஒவ்வொருவராக அக்காவுக்கு முன்னால் நின்று கைகூப்பி உரத்துச் சொன்னார்கள்: "போயிட்டு வாறன்."

பறையடிக்கிறவர்கூட ஒரு கணம் நிறுத்திவிட்டார். செத்தவீட்டில் அந்தச் சொல்லை யார் சொல்வார்கள்? சொல்லாமல் கொள்ளாமல் எழும்பிப் போவதல்லவா நமது வழக்கம்? திரும்ப வருவேன் என்றால் இன்னொரு சாவுக்கு வருவதாக ஆகிவிடும். நீ அவர்களுக்கு அந்த ஒரு விலக்கைச் சொல்லிக் கொடுக்காமல் போய்விட்டாய். "ஐயோ, இதென்ன அறுந்த கதை! ஆரும் சொல்லுங்கோவன் அதுகளுக்கு!" என்று உன் சின்னம்மா எழும்பினா.

"இருங்கோ சின்னம்மா" என்றா அக்கா. ஸ்பெயின்காரியின் கூப்பிய கைகளை அப்படியே பிடித்தா. "ஓம் பிள்ளை, வாங்கோ. என்ர தம்பியை வா எண்டு ஒரு சொல்லு நான் கூப்பிடேல்ல. நீங்களெண்டாலும் வாங்கோ."

சொல்லி முடிக்கவில்லை, குழறத் தொடங்கிவிட்டா. அம்மாவுக்கும் உனக்கும் சேர்த்து அழுதா. ஒரு சொல்லும் விளங்காத அந்தப் பிள்ளை அவவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தானும் அழுதது. அதைப் பார்க்க நீ கொடுத்துவைக்கவில்லை என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வாறன் என்று சொன்னவர்கள் எட்டாம் நாள் எட்டுச்செலவுக்கு வந்தார்கள். படையலில் வடைக்குப் பக்கத்தில் சிவாவின் பாணை அக்காவே எடுத்து வைத்தா. சின்னம்மா முகத்தைச் சுளித்தா, ஆனால் பிறகு அவதான் அதில் ஒரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டா. ஒருவரும் சாகவும் இல்லை. சின்னம்மா இன்றைக்கும் கல்லுப் போல இருக்கிறா.

உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது ஒரு பழக்கம். கூப்பிடட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்க எனக்கு இனி ஏலாது. ஈச்சிலம்பற்றில் இருக்கிற என் தம்பியை உனக்குத் தெரியும். வயல் வரம்புச் சண்டையில் கதை பேச்சு நின்று கனகாலம். போன மாதம் பஸ் ஏறிப் போனேன். முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டு நின்றவன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஆர் உங்களை வரச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்ல" என்றேன்.

வெயில் சுட்டது. அவனும் அசையவில்லை, நானும் அசையவில்லை. பிறகு அவன் குசினிப் பக்கம் திரும்பிக் கத்தினான்: "இஞ்சேர், அண்ணை வந்திருக்கிறார். சோத்தைப் போடு."