ஊற்றை அகலமாக வெட்டியவருக்கு

இன்று காலை, ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலிக்கு மகள் புது மூங்கில் வைத்தாள். தண்ணீர் ஓடத் தொடங்கியதும் பச்சை மூங்கில் வாடை லயத்து வரிசை வீடுகளின் வாசல் வரைக்கும் வந்தது. அந்த வாடை வந்தால் நீங்களும் வந்துவிடுவீர்கள். குடத்தைப் பீலிக்கடியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். அழவில்லை. அழுகிற வயசு தாண்டிவிட்டது.

தேயிலைத் தோட்டத்தில் மழைத் தண்ணீர் வடியக் கான் வெட்டுவது உங்கள் வேலை. மழைத் தண்ணீர் மலையில் எந்தப் பக்கம் இறங்கும் என்று தெரிந்தவருக்கு ஊற்று இருக்கிற இடமும் தெரிந்தது. கல்யாணமான புதிதில், பெரகலை ஊருக்குக் கீழே ஒரு தோட்டத்தில், லயத்துக்குப் பின்னால் ஒரு ஊற்றைத் தோண்டினீர்கள். தண்ணீர் தெளிந்ததும் மேல் லயத்தார் வந்தார்கள். "வேதக்காரங்க கை பட்டா தீட்டு. இனிமே இந்தப் பக்கம் வரப்படாது" என்று கிறிஸ்தவர்களான நம்மைத் தடுத்தார்கள். கங்காணியிடம் கெஞ்சி, தோட்டத்தை விட்டுப் போக விடுதலை வாங்கி மூட்டையைக் கட்டினீர்கள். ஹாலிஎல பக்கத்துத் தோட்டத்திலும் அதே கதைதான்.

தோட்டம் தோட்டமாக வரும் உபதேசியார் ஜெபத்தில் சொன்ன, பைபிளில் வரும் ஈசாக்கின் கதையை நீங்கள் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். அவன் வெட்டிய கிணற்றுக்கு மற்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள். வாக்குவாதம் என்ற அர்த்தத்தில் ஏசேக்கு என்று பேர் வைத்துவிட்டுப் போனான். அடுத்த கிணற்றுக்குச் சித்னா, பகை என்று. மூன்றாவதற்கு யாரும் வரவில்லை. அதற்கு ரெகொபோத் என்று பேர் வைத்தான்.

"நமக்கும் மூணாவது எடம் ஒண்ணு இருக்கு புள்ள" என்பீர்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஈசாக்குக்கு ஆடு மாடு இருந்துச்சு, வேலக்காரங்க இருந்தாங்க. நமக்கு ஒரு கம்பளியும் ரெண்டு சட்டியுந்தாங்க. பேரு வைக்கிறது ஆம்பள, தண்ணி தூக்குறது யாருங்க?"

சிரிப்பீர்கள். ஹாலிஎலயை விட்டு நடந்து வந்த வழியில் என் வயிற்றுப் பிள்ளை தங்கவில்லை. அதற்கப்புறம் நான் அதைக் கேட்கவுமில்லை, நீங்கள் சிரிக்கவுமில்லை.

இந்தத் தோட்டத்துக்கு வந்த பிறகு மறுபடியும் மாசமானேன். நீங்கள் இங்கேயும் ஊற்றைத் தோண்டினீர்கள். சேறு அடங்கவில்லை, அதற்குள் இங்குள்ள மேல் லயத்துப் பெண்கள் குடத்தோடு வந்து, "இது எங்க ஊத்து" என்றார்கள். நான் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு ஊற்றை மறித்து நின்றேன். உங்களைப் பார்த்துத்தான் கத்தினேன்.

"இந்தப் புள்ளையையும் வழியில விட மாட்டேன். போறதுன்னா நீங்க போங்க, நான் வரல."

அன்று உபதேசியார் நம் லயத்துக்கு வந்திருந்தார். சத்தம் கேட்டு வந்தவரிடம் கேட்டீர்கள்: "ரெகொபோத்துன்னா சண்டையில்லாத எடம்னுதானே அர்த்தம், ஐயா?"

"இல்லப்பா. எபிரேய பாஷையில அகலம்னு அர்த்தம். பட்டணத்து நடுவுல எல்லாரும் பொழங்குற அகலமான வீதிக்கும் அந்தச் சொல்லுதான்."

தலையைச் சொறிந்தீர்கள். பிறகு உள்ளே போனீர்கள். மூட்டை கட்டத்தான் போகிறீர்கள் என்று நினைத்தேன். மண்வெட்டியோடு வந்தீர்கள்.

"தள்ளி நில்லு புள்ள. இன்னும் அகலமா வெட்டணும்."

பொழுது சாய்வதற்குள் ஊற்றின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மூங்கில் வைத்தீர்கள். "உங்க பீலி அங்கிட்டு, எங்க பீலி இங்கிட்டு. ரெண்டு லயத்துக்கும் தண்ணி காணும், பத்தாம போகாது" என்று அவர்களிடம் சொன்னீர்கள். என் கத்தியைப் பார்த்துக்கொண்டே குடத்தை நிரப்பினார்கள்.

நம்மைத் துரத்த வந்தவர்களுக்கு நீங்கள் இடுப்பொடிய வெட்டிக் கொடுத்தீர்களே என்று எனக்கு ஆத்திரம். பல நாள் உங்களோடு பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நாம் மூட்டை கட்டவில்லை. மகள் இந்த ஒற்றை அறைக் காம்பராவில்தான் பிறந்தாள். நீங்களும் எதிர்ச் சரிவில், சவுக்கு மரத்தடியில், எங்கேயும் போகாமல் கிடக்கிறீர்கள்.

இன்று நான் நின்றுகொண்டிருந்தபோது மேல் லயத்துப் பெண் ஒருத்தி காலிக் குடத்தோடு வந்தாள். அன்றைக்கு "எங்க ஊத்து" என்று முதலில் சொன்னவளின் மகள். அவர்கள் பீலி மூங்கில் வெடித்துப்போயிருந்தது. நம் பீலியைப் பார்த்தபடி தள்ளி நின்றாள். அவள் முகத்தில் அம்மாவின் சாயல் அப்படியே இருந்தது. எனக்கு ஆத்திரமும் அப்படியே வந்தது.

பாதி நிறைந்திருந்த என் குடத்தை எடுத்துத் தள்ளி வைத்தேன்.

"வா, புடிச்சுக்க" என்றேன்.