முழங்கைக்குத் தெரிந்த சூடு

என் வாயாடி மகளுக்குச் சித்தப்பா எழுதுவது,

இங்கே நான், உன் சித்தி, என் தொப்பை மூவரும் சுகம். அங்கே நீ, மாப்பிள்ளை, பிறந்து பதினாறே நாளான அந்தப் பெரிய மனுஷி மூவரும் சுகமாக இருக்க வேண்டும். பாப்பா போட்டோவை எங்கள் சலவைக் கம்பெனி முழுக்கக் காட்டினேன், மூக்கு அப்படியே உங்க மூக்கு என்று மேனேஜரே எழுந்து நின்று சொன்னார். உட்கார்ந்துதான் சொன்னார் என்று இஸ்திரி போடுகிறவன் சொல்வான், அவனை நம்பாதே. புது பாய்லர் வந்திருக்கிறது, இன்ஜினீயர்கள் ஏழு பேர் வந்து தோற்றுப்போனார்கள், நான் ஒரு தட்டுத் தட்டினேன், கிளம்பிவிட்டது. என் எட்டாம் வகுப்புப் படிப்புக்கு அவ்வளவு மரியாதை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்று போனில் அழுதாயே, தொப்புள்கொடி விழுந்தாயிற்று, இனிக் குளிப்பாட்டலாம் என்று நர்ஸ் சொல்லியும், முதல் தடவையே பாப்பா கையில் வழுக்கி வீல் என்று கத்தியதில் பயந்து, நாலு நாளாக ஈரத்துணியால் துடைத்தே ஓட்டுகிறேன் என்று. அப்புறம் நீயே தேறிக்கொண்டு, ஞாயித்துக்கிழமை அவருக்கு லீவு சித்தப்பா, அவரே தண்ணி பாத்துக் குடுக்கறேன்னு சொல்லியிருக்காரு, பத்து வருஷமா ஓட்டல் அடுப்படியில நிக்கிற கை, சூடு தெரியாதா என்று பெருமையாகச் சொன்னாய். லைன் கட்டாகிவிட்டது என்று நீ நினைத்திருப்பாய். லைன் கட்டாகவில்லை மகளே, நான்தான் பட்டனை அமுக்கிவிட்டேன். அப்போதே சொல்லியிருக்கலாம், ஆனால் உன் சித்தி பக்கத்திலேயே நின்றாள். அதனால்தான் இந்தக் கடிதம், எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து உன் போனுக்கே அனுப்பிவிடுவேன், ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நீயும் மாப்பிள்ளையும் படித்தாக வேண்டும்.

உன்னை முதன்முதலில் குளிப்பாட்டியவன் நான் என்பது ஊருக்கே தெரியும். உன் கல்யாணத்தில் மைக்கைப் பிடுங்கிச் சொன்னவன் நான். அதில் விட்டுப்போன பகுதியை இப்போது சொல்கிறேன். உன் அம்மா காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில், உன் அப்பா கப்பல் வேலையில், நீ எங்கள் கையில். தண்ணீரைக் கலந்து, உள்ளங்கையை விட்டுப் பார்த்து, வெதுவெதுன்னு இருக்கு, புள்ளைய இறக்கு என்று உத்தரவு போட்டேன். அப்போதே ஒன்பது வருஷம் பாய்லர் வால்வு திருப்பிய கை, காய்ப்புக் காய்த்து செருப்புத் தோல் மாதிரி இருந்தது. உன் சித்தி என் பேச்சை நம்பாமல், உன்னைத் தோளில் சாய்த்தபடியே குனிந்து முழங்கையை விட்டாள், விட்ட வேகத்தில் எடுத்தாள். ஏங்க, இது கையா செங்கல்லா, புள்ள வெந்துபோயிருக்குமே என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் ஓடிப்போய் ஒரு குடம் பச்சைத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். அப்புறம் அவள்தான் குளிப்பாட்டினாள், நான் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அதையும் தலைகீழாக. அவள் முழங்கை இரண்டு நாள் சிவந்து கிடந்தது. இருபத்தெட்டு வருஷமாக ஒருவரிடமும் அவள் இதைச் சொல்லவில்லை. குளிப்பாட்டியவன் நான் என்று அளக்கும்போது மட்டும் முழங்கையைச் சொறிவாள், நான் கதையைச் சுருக்கிக்கொள்வேன்.

மாப்பிள்ளை கையும் என் கை மாதிரிதான், கோபப்பட வேண்டாம் என்று சொல். துண்டு, சட்டை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் முதலிலேயே எடுத்துவை, ஜன்னலைச் சாத்து, பால் குடித்த உடனே வேண்டாம். முதலில் பச்சைத் தண்ணீர், அதில்தான் சுடுதண்ணீர், நன்றாகக் கலக்கிவிட்டு உன் முழங்கையால் பார், சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. நாலு விரற்கடை ஆழம் போதும், அவள் என்ன நீச்சல் போட்டிக்கா போகிறாள். அடியில் ஒரு துணியை விரி, வழுக்காது. அவள் தலை உன் முன்கையில், உன் விரல்கள் அவளுடைய அந்தப் பக்கத்துத் தோளைச் சுற்றி. காலை முதலில் இறக்கு, மெதுவாக, பேசிக்கொண்டே இறக்கு, உன் குரல்தான் அவளுக்குத் தைரியம். முகத்தை வெறும் தண்ணீரில், தலையைக் கடைசியில். வாசலில் மந்திரியே வந்து மணி அடித்தாலும் கையை எடுக்காதே, போக வேண்டுமென்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போ. ஐந்து நிமிஷம், அப்புறம் துண்டு. அழுதால் அழட்டும், உன் அழுகையில் எங்கள் தெருவே கூடியது, இன்றைக்கு நீ எனக்கே புத்தி சொல்கிறாய்.

எனக்குப் பிள்ளை இல்லை என்று யாராவது உச்சுக் கொட்டினால் உன்னைத்தான் காட்டுவேன். அப்படிக் காட்ட நீ முழுசாக இருப்பது உன் சித்தி முழங்கையால். இதை அவளிடம் ஒரு நாளும் நான் சொன்னதில்லை, இந்த வாய் மற்றதற்கெல்லாம் திறக்கும். உனக்கு அனுப்புவதற்கு முன் அவளிடம் இதைப் படித்துக் காட்டப்போகிறேன்.

பாப்பா நூறு வயசு, சளி பிடிக்காமல், பயம் தெரியாமல் வாழட்டும். ஞாயிற்றுக்கிழமை, முழங்கை, மறக்காதே.

இப்படிக்கு,
உன்னை முதன்முதலில் குளிப்பாட்டியவளின் புருஷன்,
சித்தப்பா