மூன்று நாள் நீலம்

அண்ணி,

இன்று காலை உங்கள் மகள் உங்களுடைய நீலக்கல் மோதிரத்தைக் கழுவித் தரச் சொல்லிக் கொண்டுவந்தாள். வெதுவெதுப்பான தண்ணீரில் சீயக்காயைக் கரைத்தேன். அந்த வாசனை எழுந்ததும், நீங்கள் நம் வீட்டுக்கு வந்த முதல் வாரம் கண்முன் நின்றது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

கொழும்பில் கடைவேலை பார்த்துவிட்டு வந்த அண்ணன், கல்யாணத்துக்கு மறுநாள் அந்த மோதிரத்தை உங்கள் விரலில் போட்டுவிட்டார். வெயிலில் சங்குப்பூ நிறம், விளக்கடியில் ஏறக்குறைய கறுப்பு. கல்லைப் பார்த்ததும் அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

“நீலம் சனீசுவரன் கல்லு. சேந்தாத் தூக்கி உடும், சேராட்டிக் குடும்பத்தையே கவுத்துப்போடும்.”

அண்ணன் முகம் வாடியது. நீங்கள்தான் கேட்டீர்கள்: “சேருமா சேராதான்னு எப்படீங்க அத்தை தெரியும்?”

“மூணு நாள் போட்டுப் பாக்கோணும். ஒரு கெட்டது நடந்தாலும் கெணத்துல போட்றோணும்.”

“சரிங்க அத்தை, பாத்துரலாமுங்க.”

எனக்குத்தான் பயம். கல்லின் மேல் விழும் பழி புது மருமகள் மேலும் விழும். நம் ஊர் வாய் அப்படி.

முதல் நாள் எருமை கிடேரிக் கன்று போட்டது. இரண்டாம் நாள், காய்ந்து கிடந்த சோளக்காட்டில் மழை கொட்டியது. அண்ணன் திருச்செங்கோட்டுச் சந்தை வரைக்கும் போய் மோதிரத்தின் பெருமையைச் சொல்லிவிட்டு வந்தார்.

மூன்றாம் நாள் காலை கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்தீர்கள். பக்கத்தில் இருந்தது நான் ஒருத்திதான். கணுக்கால் வீங்கிவிட்டது.

“அம்முணி, பொழுது எறங்கற வரைக்கும் யாருகிட்டயும் சொல்லிப்போடாத” என்றீர்கள். கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்தது.

அன்று முழுவதும் நொண்டாமல் நடந்தீர்கள். மாவு ஆட்டினீர்கள், குனிந்து பரிமாறினீர்கள். நீங்கள் ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் அம்மா வீக்கத்துக்குப் போடும் புளிப்பத்தைக் கிண்ணத்தில் சூடாக எடுத்துக்கொண்டு வந்து உங்கள் காலடியில் உட்கார்ந்தாள். நீங்கள் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டீர்கள்.

“காலை நீட்டு சாமி. காத்தாலயே பாத்துட்டேன்.”

“அத்தை... மோதிரம்...”

“மழை பேஞ்சாப் படி வழுக்கும். அதுக்குக் கல்லு என்ன பண்ணும், நீதான் என்ன பண்ணுவே?”

“அப்பக் காத்தாலயே சொல்லியிருக்கலாமுங்களே!”

“எம்பட மருமகளுக்கு எம்புட்டு வைராக்கியமுன்னு பாத்தேன்.”

முதலில் சிரித்தது நீங்கள். பிறகு அம்மா. புளிப்பத்து இருந்த கிண்ணம் கவிழ்ந்ததைக்கூட நாம் மூவரும் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கல்லைக் குழந்தை மாதிரி வளர்த்தீர்கள். கழுவினால் பழைய வேட்டித் துணியில் ஒற்றி எடுப்பீர்கள். முத்துமாலையோடு சேர்த்து வைக்கவே மாட்டீர்கள். “இது பொல்லாத கெட்டி, முத்தைக் கீறிப்போடும்” என்று அதற்கென்று தனியாக ஒரு சுருக்குப்பை தைத்தீர்கள்.

போன தையில் என் மகனுக்குக் கல்யாணம், அண்ணி. நீங்கள் இருந்து பார்த்திருக்க வேண்டும். மருமகள் வாசலில் கால் வைத்த அன்றே உழவு மாடு ஒன்று செத்துப்போனது. வந்திருந்த சனம் முணுமுணுக்கத் தொடங்கியது. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். நான் எழுந்து, எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன்:

“மாட்டுக்கு வயசாச்சு. புள்ள பசியோட நிக்கறா, எலை போடுங்க.”