முனகுகட்டை

நேற்றுச் சோளகக் காற்று பலமாக அடித்தது. குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுத்திருந்த தடி முனகத் தொடங்கியது. மகன் ஓடிப்போய் இன்னொரு தடியை நட்டான். நான் கதிரையை விட்டு எழும்பாமல் உன்னை நினைத்துக்கொண்டிருந்தேன். நீ கண்மூடி நாலு வருடமாகிறது. உன்னிடம் சொல்லவேண்டியதை நான் இன்னும் சொல்லவில்லை.

மலாயாவில் நிலக்கரிச் சுரங்கமொன்றில் இயந்திரம் திருத்திக் காலம் கழித்துவிட்டு நீ புத்தூருக்குத் திரும்பியபோது, நான் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பாடங்கள் தமிழுக்கு மாறிய காலம். சுரங்கம், உலோகம் பற்றிய கலைச்சொற்களை ஆக்கும் குழுவில் என்னையும் போட்டிருந்தார்கள். சுரங்கத்தை எட்டியும் பார்த்திராதவர்களின் குழு அது. அதில் பெரிய கெட்டிக்காரன் நான். ஊதுலை, கல்கரி, கசடு என்று நான் வாசிக்க, நீ பாக்குச் சீவிக்கொண்டே தலையாட்டுவாய். பிழையென்றால் பாக்குவெட்டி நின்றுவிடும். ஆளிறக்கும் கூண்டுக்கு நான் 'உயர்த்தி' என்று எழுதியதற்கு, "இறங்கேக்கையும் உயர்த்தியோ?" என்று கேட்டுச் சிரித்தாய்.

சுரங்கக் கூரையைத் தாங்கும் மரத்துக்கு 'தாங்குதம்பம்' என்று போட்டிருந்தேன். அன்று நீ சிரிக்கவில்லை.

"அங்கை ஆக்கள் அதை முனகுகட்டை எண்டுதான் சொல்லுறவை. வைரமான மரம் சொல்லாமல் கொள்ளாமல் முறிஞ்சுபோம். மெது மரம் முறிய முன்னம் முனகும். அது கேட்டால் போட்டதைப் போட்டபடி ஓடவேணும்."

ஒருநாள் நீ ஓடவில்லை. கரிப்பெட்டிகளை இழுக்கும் இயந்திரத்தின் சத்தத்தில் உனக்கு அது கேட்கவில்லை. "முனகுது, முனகுது" என்று கத்திக்கொண்டு வந்து உன்னை வெளியே தள்ளிய கூலியாள் உள்ளே அகப்பட்டுக்கொண்டான். அவனுடைய பேர்கூட உனக்குச் சரியாகத் தெரியாது.

"அவையின்ரை சொல்லையெண்டாலும் புத்தகத்திலை போடு. வேறை ஒண்டும் நான் உன்னட்டைக் கேக்கேல்லை" என்றாய்.

"ஓம், கட்டாயம் போடுவிக்கிறன்" என்றேன்.

கொழும்பில் கூட்டம். பட்டியலை வாசித்துக்கொண்டு வந்த தலைவர் அந்தச் சொல்லில் நின்றார். "உது ஆரின்ரை சொல்? கூலியாக்கள் கதைக்கிறதெல்லாம் கலைச்சொல்லோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்னை யாரும் வற்புறுத்தவில்லை. நானே பேனையை எடுத்து அதை வெட்டினேன். பண்டிதர்கள் நடுவில் நானும் ஒரு பண்டிதனாகத் தெரியவேண்டும் என்ற ஆசை. வேறு நியாயம் எதுவும் என்னிடம் இல்லை.

ஊருக்கு வந்ததும் படலையடியிலேயே மறித்தாய். "என்ன மாதிரி?"

"எவ்வளவோ வாதாடினன். அவங்கள் விடேல்லை" என்றேன்.

நீ ஏசியிருந்தால் அப்போதே உண்மையைக் கக்கியிருப்பேன் என்று என்னைத் தேற்றிக்கொள்வதுண்டு. நீயோ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "எனக்காகப் போய்ச் சண்டை பிடிச்சனி. அது காணும்" என்றாய்.

அதன்பின் உன் வீட்டுக்கு வருவதைக் குறைத்தேன். பள்ளிக்கூட வேலை என்று சாட்டுச் சொன்னேன், அதையும் நம்பினாய். தெல்லிப்பழை ஆசுப்பத்திரியில் நீ கிடந்தபோது இரண்டு தரம் வந்தேன். இரண்டு தரமும் சொல்லிவிடுவதென்றே வந்தேன். தோடம்பழங்களைக் கட்டிலடியில் வைத்து, மழை பிந்தியதைப் பற்றிக் கதைத்துவிட்டுத் திரும்பினேன். கோழை.

உன் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று, உன் மனைவி பிள்ளைகளைக் கூட்டிவந்து என் முன்னால் நிறுத்தினார்.

"செத்துப்போன அந்தக் கூலியாளுக்காகக் கொழும்பிலை தனிச்சு நிண்டு கதைச்ச மாஸ்டர் இவர்தான். அப்பா எந்த நாளும் சொல்லுறவர்."

உன் இளையவன் என்னைக் கும்பிட்டான். 'ஐயோ, நான் இல்லை' என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் அவன் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தேன்.