அப்பா போட்ட ஓட்டு

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி குறைந்ததா? அம்மா சுகமா? டகோட்டா எண்ணெய்க் கிணற்றில் குளிர்தான் கொல்கிறது. என் உதடு கொஞ்சம் கிழிந்திருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை.

சனிக்கிழமை சாப்பாட்டுக் கூடத்து டிவியில் நம் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம். நீங்கள் ஆடிய, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் இடத்தில் இப்போது ஆடும் பையன் பந்தை எறிந்தே ஜெயித்துவிட்டான். உடனே என்னோடு வேலை செய்யும் லெஸ்டர், "உங்கப்பன் ஒரு ஆட்டத்துல ஏழு தடவை எறிஞ்சிருந்தாலே பெருசுடா" என்று இளித்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்கப்பா பந்தோட ஓடினவருடா! அந்தக் காலத்துல எறிஞ்ச பின்னாடியும் இடிச்சுத் தள்ளுவாங்க, விசிலே கிடையாது. இவன் மேல விரல் பட்டாலே அபராதம்!" என்றேன். பேச்சு கைகலப்பில் முடிந்தது.

பிறகுதான் அம்மா போனில் சொன்னாள். 'எல்லாக் காலத்திலும் சிறந்தவர் யார்' என்று நம்மூர் வானொலி கேட்டதற்கு, நீங்களே அந்தப் பையனுக்கு ஓட்டுப் போட்டீர்களாமே! "அவன் முன்னாடி நான் எம்மாத்திரம்?" என்றும் சொன்னீர்களாமே! அதற்குமுன் அத்தனை இடியும் வாங்கிய உங்கள் முழங்காலை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

உங்கள் பழைய பதினோராம் எண் சட்டையை அனுப்புங்கள். அடுத்த ஆட்டத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு உட்காருவேன். இங்கே என் பக்கம் பேச வேறு யாரும் இல்லை.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்.

உங்களுக்கு ஓட்டுப் போட்ட ஒரே ஆள்,
ராய்ஸ்