குளியல்கூடத்து மசாஜ் நாற்காலி

அன்பு மகளுக்கு,

ஊர்ப் பொதுக் குளியல்கூடத்து மசாஜ் நாற்காலியில் தினமும் உட்காருகிறேனா என்று போனில் கேட்டாயே, உட்காருகிறேன். தோள்பட்டை முப்பது வயதுக்காரனுடையது போல் இளகியிருக்கிறது என்றார் டாக்டர். ரத்த அழுத்தமும் இறங்கிவிட்டதாம். தொப்பையைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. தூக்கம்தான் வரமாட்டேன் என்கிறது.

இந்த ஆரோக்கியமெல்லாம் உன் அம்மா தயவு. ஆண்கள் பகுதியில் நான் குளித்து முடித்தாலும் பெண்கள் பகுதியில் அவளுடைய ஊர்வம்பு முடியாது. இத்தனை வருஷமும் அவளுக்காக அந்த நாற்காலியில்தான் காத்துக்கிடந்தேன்.

நேற்று தொட்டியிலிருந்து எழுந்ததும், பழக்கதோஷம், கூரையைத் தொடாத நடுச்சுவருக்கு மேலே குரல் கொடுத்துவிட்டேன்.

"ஏய், கிளம்பலாமா?"

அந்தப் பக்கம் வாளிச் சத்தம்கூட நின்றுபோனது. இந்தப் பக்கம் கிழவர்கள் எல்லாரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் அம்மா போய் நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குகூட இன்னும் முடியவில்லையே.

கடைசியில் அவளுடைய வம்புக் கூட்டாளி, தோஃபு கடை யோஷியே, உன் அம்மா சொல்வதைப் போலவே பதில் சொன்னாள்.

"உங்களுக்கு என்னங்க அவசரம்? நான் இன்னும் தலைகூட அலசல. போய் உங்க நாற்காலியில உட்காருங்க."



போய் உட்கார்ந்தேன். நாற்காலி நின்றதும் இன்னொரு காசு போட்டேன்.

சப்போரோவுக்கே வந்துவிடுங்கள் என்கிறாய். உன் வீட்டுத் தொட்டி நல்ல தொட்டிதான். ஆனால் அங்கே நான் மறந்துபோய்க் கூப்பிட்டால், சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள்? கொஞ்ச நாள் என்னை இங்கேயே விட்டுவை, கண்ணு.

உன் அப்பா