வடக்கு வயலுக்கு வந்த டவுண் உரம்

1953, சித்திரை 4

வெயில் மண்டையைப் பிளக்கிறது. உளுந்து காயப்போட்டேன். பாதி காக்காய்க்கு.

மத்தியானம் வடக்கு வயலில் எட்டு வண்டி உரம். நாகர்கோவில் டவுண் கக்கூஸ் கழிவும் குப்பையும் குழியில் மாற்றி மாற்றிப் போட்டு மக்க வைத்ததாம். கம்போஸ்ட் என்று பேர். பேர் மட்டும் அழகு. வீட்டுக்காரங்களைக் குளிக்காமல் படியேற விடவில்லை.

"ஏட்டி, டவுண்காரன் தின்னது நம்ம நெல்லாக்கும். அது வயலுக்குத் திரும்பி வருது. இதுல என்ன அருவருப்பு?" இவங்களுக்குச் சிரிப்பு வேறு.

விளக்கைத் தொட்டுச் சொல்லிவிட்டேன். அந்த நெல் என் அடுப்பில் ஏறாது.

சித்திரை 7

இருமல். சுக்கு, மிளகு, கருப்பட்டி வாங்கணும்.

இவங்களுக்குக் கஞ்சி கொண்டுபோனேன், முந்தானையை மூக்கில் வைத்தபடி. நாற்றமே இல்லை. உரக் குவியலுக்குக் கிட்டப் போனேன். இல்லை. யாரும் பார்க்காத நேரம் கையை உள்ளே விட்டேன். நானா! கறுப்பு, பொலபொலவென்று, இளஞ்சூடு. புதுமழை வாசம். ஒரு வளையல் துண்டும் ஒரு சட்டைப் பொத்தானும் அகப்பட்டன. அவை மட்டும் அப்படியே. மற்றதெல்லாம் மண். ஒரு ஊரே தின்று கழித்தது இப்படியா ஆகும்! மெய் சிலிர்த்தது. இவங்களிடம் மூச்சு விடவில்லை.

ஆனி 2

சாரல். துணி காயவில்லை. வடக்கு வயல் கரும்பச்சை, தெற்கு வயல் வெளுப்பு. அதே விதை, அதே தண்ணீர். பார்த்துக்கொண்டே நின்று கஞ்சிப்பானையை வரப்பிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஆடி 24

காலையில் கோயிலில் நிறைபுத்தரிசி, புதுக்கதிர்ப் பூசை, முடிந்தது. இவங்க வடக்கு வயலில் முதல் கதிர் அறுத்து வீட்டில் வைத்துவிட்டுப் போனாங்க. வருஷாவருஷம் போல, வாசலில் கட்டக் கதிர் வாங்க மைனி வந்தார்கள், இவங்க அக்கா.

"கொள்ளாம்! என்னா கனம்! எந்த வயலு மக்கா?"

தெற்கு வயல் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"வடக்கு வயலு மைனி. டவுண் உரம் போட்டது."

கதிரை முற்றத்தில் வைத்தார்கள். கை கழுவத் தண்ணீர் கேட்டார்கள். ஊற்றினேன்.

"அடுப்புல ஏத்த மாட்டேன்னு எங்கிட்டயும் நீதானே சொன்ன?"

நான்தான்.

மைனி போனதும் கதிரை எங்கள் வாசல் நிலையில் கட்டினேன். மீதியை உருவி, சட்டியில் வறுத்து, உரலில் குத்தினேன். இரண்டு பிடி அரிசி. விளக்கிடம் மன்னிப்புக் கேட்டேன். உலை வைத்தேன்.

இவங்க இன்னும் வரவில்லை. கலியாணம் ஆகி இருபது வருஷத்தில் முதல் தடவை, காத்திராமல் இலை போட்டு உட்கார்ந்துவிட்டேன்.